சாலைக்கு முன்னே வந்து சேரும் சொற்கள்

2018-ஆம் ஆண்டு, சேலத்திலிருந்து காஞ்சிபுரம் வரையிலான ஐந்து மாவட்டங்களில் ஒரே சாலைக்கு இரண்டு பெயர்கள் புழங்கின. அரசுத் தரப்பு அதைப் 'பசுமை வழிச்சாலை' என்றது. அளவைக் கல் நடப்பட்ட வயல்களின் வரப்பில் நின்றவர்கள் 'எட்டு வழிச்சாலை' என்றார்கள். நீளம் சுமார் 277 கிலோமீட்டர், மதிப்பீடு சுமார் 10,000 கோடி ரூபாய், தடம் போகும் ஊர்கள் என எதிலும் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பெயரில்தான் வேறுபட்டார்கள். ஒருவர் எந்தப் பெயரைச் சொல்கிறார் என்பதைக் கேட்டாலே அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது தெரிந்துவிடும்.

இந்தப் 'பசுமை' எங்கிருந்து வந்தது? பொறியாளர்களும் முதலீட்டாளர்களும் 'க்ரீன்ஃபீல்டு' என்று ஒரு சொல்லைப் புழங்குவார்கள். இருக்கிற சாலையை அகலப்படுத்தாமல், சாலையே இல்லாத நிலத்தில் புதிதாகத் தடம் போடுவதைக் குறிக்கும் தொழிற்சொல் அது. மரம் வளர்ப்பதோடும் காற்றின் தூய்மையோடும் அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தமிழுக்கு வந்தபோது 'ஃபீல்டு' என்ற பின்பாதி, அதாவது வயல், வழியிலேயே உதிர்ந்துவிட்டது. 'க்ரீன்' மட்டும் பசுமையாகி நின்றது. எடுக்கப்படப்போவது நிலம் என்ற தகவல் அந்தச் சொல்லில் மிச்சமிருந்த ஒரே உண்மை. அது போய், சூழலுக்கு நல்லது என்ற தொனி வந்து உட்கார்ந்துகொண்டது. யாராவது எண்ணிச் செய்தார்களா, மொழிபெயர்ப்பின் அவசரத்தில் நேர்ந்ததா என்பது வேறு கேள்வி. கிணற்றையும் தென்னையையும் மாந்தோப்பையும் இழக்கவிருந்த குடும்பம், ஏதோ பசுமைக்கே எதிராகப் போராடுவதுபோல் தோற்றம் உண்டானது. அதுதான் கவலைக்குரியது.

அந்தச் சாலைக்கான நில எடுப்பு அறிவிப்பை 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நில எடுப்பு அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி பெற்றிருக்க வேண்டியதில்லை என்று கூறி, நெடுஞ்சாலை ஆணையம் சட்டப்படி புதிதாக நடவடிக்கை எடுக்க வழிவிட்டது. வழக்கின் போக்கு எப்படி இருந்தாலும் மக்கள் நாவில் நிலைத்தது 'எட்டு வழிச்சாலை'தான். அந்தப் பெயரில் ஒரு நேர்மை இருந்தது. எத்தனை தடம் என்று அது சொன்னது. எத்தனை தடம் என்று தெரிந்தால் எவ்வளவு அகலம், யார் யார் நிலம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 'பசுமை'யை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கும் போட முடியாது.

பரந்தூரில் அதே சொல் மீண்டும் வந்தது. சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் தேவை என்று 2022-இல் அறிவிக்கப்பட்டபோது, அதுவும் 'பசுமைவெளி விமான நிலையம்' என்றே செய்திகளில் வலம் வந்தது. திட்டப் பகுதிக்குள் வரும் ஏகனாபுரத்து மக்கள் தங்கள் ஏரியையும் நஞ்சையையும் காட்டிப் போராடிக்கொண்டிருந்த அதே நாட்களில்! வெளி என்றால் வெறும் இடம். ஓர் ஊர் இருக்கிற இடத்தை வெளி என்று எழுதிவிட்டால், அங்கிருந்து யாரையும் அப்புறப்படுத்துவதாகவே தோன்றாது.

போக்குவரத்துத் திட்டமிடலில் சொற்கள் அலங்காரத்துக்கு வருவதில்லை. அவை ஒரு தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு வருகின்றன. விவாதம் தொடங்குவதற்குள் யார் பயனாளி, யார் இடையூறு, எது செலவு, எது முதலீடு என்பதெல்லாம் சொல்லுக்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. பிறகு நடக்கும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசுவதற்கு அதிகம் மிஞ்சுவதில்லை.

'சாலை மேம்பாட்டுப் பணி' என்ற பலகையை எடுத்துக்கொள்வோம். மாநிலத்தின் எந்த மூலையிலும் அது நிற்கும். பலகைக்குப் பின்னால் நடப்பது பெரும்பாலும் அகலப்படுத்தல். இருபுறமும் நிழல் தந்த புளியமரங்கள் சாய்கின்றன, வீட்டுத் திண்ணைகள் போகின்றன, நடைபாதை இருந்த இடத்தில் தார் ஏறுகிறது. லாரிக்கும் காருக்கும் அது மேம்பாடுதான், மறுப்பில்லை. பள்ளிவிட்டு எதிர்ப்புறம் போக வேண்டிய பத்து வயதுப் பிள்ளைக்கு அதே பணி ஒரு பின்னடைவு. இரண்டு பேருக்கும் பொதுவான சொல் 'அகலப்படுத்தல்'. அதைப் போட்டிருந்தால், அகலப்படுத்துவது நல்லதா என்று கேட்க இடம் இருக்கும். 'மேம்பாடு வேண்டாம்' என்று யார்தான் எழுந்து பேச முடியும்?

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வெஸ்ட் பாம் பீச் என்ற நகரம் இதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தது. 1996 நவம்பரில் அந்த நகர நிர்வாகம் தன் ஊழியர்களுக்கு ஒரு மொழிக் கொள்கையை அனுப்பியது. அதைத் தயாரித்தவர் நகரின் போக்குவரத்துத் திட்டமிடுநர் இயன் லாக்வுட். சாலையை அகலப்படுத்துவதை 'மேம்பாடு' என்று எழுதக் கூடாது, 'அகலப்படுத்தல்' என்றே எழுத வேண்டும் என்றது அந்தச் சுற்றறிக்கை. வண்டிகள் வேகமாகப் போவதைத் 'திறன்' என்று சொல்லாமல் 'வேகம்' என்றே சொல்ல வேண்டும். நடப்பதையும் சைக்கிளையும் 'மாற்றுப் போக்குவரத்து' என்று ஒதுக்கக் கூடாது. சாலை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ அந்த ஆவணம் யாருக்கும் பரிந்துரைக்கவில்லை. நடப்பது எதுவோ அதை அந்தப் பெயரால் அழையுங்கள் என்று மட்டுமே கேட்டது. தமிழ்நாட்டில் எந்த மாநகராட்சியும் நாளைக்கே இப்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். ஒரு பைசா செலவில்லை.

சொல் இத்துடன் நிற்பதில்லை, அளவுகோலாகவும் மாறிவிடுகிறது. இந்தியச் சாலைகளில் போக்குவரத்தை எண்ணும் அடிப்படை அலகின் பெயரே 'பயணியர் கார் அலகு'. ஊர்ப்புறச் சாலைகளின் கொள்ளளவைக் கணக்கிட, சாலை நெறிகளை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 1990-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறியில் ஒரு கார் என்பது 1, இருசக்கர வாகனமும் சைக்கிளும் அரை, பேருந்து 3, மாட்டுவண்டி 8. சாலையில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்பதற்கான கணக்கு இது. அந்த அளவில் பிழை சொல்ல முடியாது. சிக்கல், இதுவே பேச்சின் அடிப்படையாகும்போது வருகிறது. அறுபது பேர் ஏறிய பேருந்து மூன்று காருக்குச் சமம். அந்த மூன்று காரிலும் ஆளுக்கொருவராக மூன்றே பேர் இருந்தாலும் தாளில் இரண்டும் ஒன்றுதான். நடந்து போகிறவருக்கு அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது.

சென்னைக்காக 2008-இல் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வில், நகரின் பயணங்களில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் நடைப்பயணம் என்று தெரியவந்தது. காரின் பங்கு சுமார் 6 விழுக்காடு. ஆனாலும் 'நகரமே நெரிசலில் ஸ்தம்பித்தது' என்று செய்தி வந்தால், வாசகர் மனக்கண்ணில் எழுவது அண்ணா சாலையில் அசையாமல் நிற்கும் கார்களின் வரிசை. ஆவடியிலோ கண்ணகி நகரிலோ முக்கால் மணி நேரம் பேருந்துக்குக் காத்து நிற்கும் பெண்ணின் தாமதத்துக்கு 'நெரிசல்' என்ற பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அது புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. நெரிசலுக்குத் தீர்வாக மேம்பாலம் வரும். காத்திருப்புக்குத் தீர்வு எதுவும் அறிவிக்கப்படாது. 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே நோக்கமாக வேண்டும் என்று தெளிவாகவே சொன்னது. கொள்கை மனிதரைப் பேசுகிறது, அலகு காரைப் பேசுகிறது. களத்தில் ஜெயிப்பது அலகு.

2014-இல் சென்னை மாநகராட்சி ஒரு நல்ல கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் ஒதுக்குவது என்பது அதன் சாரம். அதன் பெயர் 'மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கை'. மனிதர் காலில் நடப்பதுதான் போக்குவரத்தின் ஆதி வடிவம். அதையே 'மோட்டார் இல்லாதது' என்று ஒரு குறையை வைத்து அடையாளப்படுத்த வேண்டியிருக்கிறது என்றால், மோட்டார்தான் இயல்பு என்பது எவ்வளவு ஆழமாக வேரூன்றிவிட்டது! 'நடைக் கொள்கை' என்றிருந்தால் தெருவில் போகிறவருக்கும் அது தன்னைப் பற்றியது என்று புரிந்திருக்கும்.

நடைபாதைக்கு வந்தால் 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் காத்திருக்கிறது. பூக்கூடையோடு உட்கார்ந்த பெண், இளநீர் வண்டி, செருப்புத் தைப்பவரின் கோணிப்பை எல்லாம் ஆக்கிரமிப்பு. அதே நடைபாதையில் இரண்டு சக்கரம் ஏற்றி நிறுத்திய கார் 'பார்க்கிங் பிரச்சினை'. முன்னதற்கு லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். பின்னதற்குப் பல அடுக்கு வாகன நிறுத்தகம் கட்டித் தரப்படும். சாலையோர வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைப் பாதுகாக்க 2014-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. கணக்கெடுத்து, சான்று கொடுத்து, இடம் ஒதுக்கும் முன் அகற்றக் கூடாது என்பது அதன் அடிநாதம். சட்டம் 'வியாபாரி' என்கிறது. நகராட்சிக் குறிப்பும் மறுநாள் செய்தியும் 'ஆக்கிரமிப்பாளர்' என்கின்றன.

இந்த இடத்தில் நாளிதழ்கள் தம்மையும் சோதித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சாலை மரணங்களை எழுதும் விதத்தில் அந்தக் கடமை இன்னும் பெரிது.

'சாலையைக் கடக்க முயன்ற மூதாட்டி கார் மோதி பலி.' தமிழ் நாளிதழ் படிக்கும் எவருக்கும் இந்த வாக்கிய அமைப்பு பழக்கமானது. இதில் வினை செய்தவர் யார்? மூதாட்டிதான் எழுவாய். கடக்க 'முயன்றவர்' அவர். கார் ஒரு வினையெச்சத்தில் வந்து போகிறது. ஓட்டியவர் வாக்கியத்தில் இல்லவே இல்லை. வேகம் இல்லை. இருபுறமும் பல நூறு மீட்டருக்குக் கடக்கும் வசதியே இல்லாத சாலையை வடிவமைத்தவரும் இல்லை. கடைசியில் 'பலி'. பலி என்பது எதற்கோ கொடுக்கப்படுவது. எதற்குக் கொடுக்கப்பட்டது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. இன்னொரு வழக்கமான தொடர் 'கட்டுப்பாட்டை இழந்த கார்'. காருக்குத் தானாகக் கட்டுப்பாடு இருந்ததுபோலவும் அது அதைத் தொலைத்துவிட்டதுபோலவும் ஒரு தோற்றம்.

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாடு முழுவதும் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 49 உயிர். மொத்த இறப்புகளில் பத்தில் ஏழு அதிவேகத்தால் நேர்ந்தவை என்று அதே அறிக்கை வகைப்படுத்துகிறது. காரணம் தெரிந்த, ஆண்டுதோறும் திரும்ப வருகிற, குறைக்கக் கூடிய ஒன்றை 'விபத்து' என்ற சொல் இடி விழுந்ததுபோல் ஆக்கிவிடுகிறது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2001-இலேயே தன் பக்கங்களில் இதற்கு இணையான ஆங்கிலச் சொல்லைத் தவிர்க்க முடிவு செய்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், அலட்சியம் குற்றஞ்சாட்டப்பட்ட அல்லது நிரூபிக்கப்பட்ட நேர்வுகளில் அந்தச் சொல் பொறுப்பைக் கழுவிவிடக்கூடும் என்று 2016-இல் தன் நடைக் கையேட்டில் எச்சரித்தது.

தமிழில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. 'விபத்து' என்பதற்குப் பதில் 'மோதல்' என்று போட்டால் இரு கோஷ்டிகளின் சண்டை நினைவுக்கு வரும். ஒற்றைச் சொல் மாற்றம் இங்கே உதவாது, வாக்கியத்தைத்தான் மாற்ற வேண்டும். 'சாலையைக் கடந்த மூதாட்டி மீது காரை மோதினார் ஓட்டுநர். அந்த இடத்தில் சிக்னலோ விளக்கோ இல்லை' என்று எழுத முடியும். யார் குற்றவாளி என்று தீர்ப்பளிக்காமலே நடந்ததை நடந்தபடி அது சொல்லிவிடுகிறது. சட்டமும் இந்தத் திசைக்கு வந்தாகிவிட்டது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்றத் தவறி அதனால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. ஆனால் சாலையின் வடிவமைப்பைக் கேள்வி கேட்கும் ஒரு வரியாவது சேர்ந்த சாலைமரணச் செய்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நடப்பவர் மீதே பழி விழும்படி பேச்சு திரும்பியதற்கு ஒரு வரலாறு உண்டு. 1920-கள் வரை அமெரிக்க நகரத் தெரு எல்லாருக்கும் பொதுவாக இருந்தது. கார்கள் பெருகி, குழந்தைகள் நூற்றுக்கணக்கில் செத்தபோது, மக்களின் கோபம் ஓட்டுநர்கள் மேல் பாய்ந்தது. வேகத்துக்குக் கடிவாளம் கேட்டு 1923-இல் சின்சினாட்டி நகரில் மக்கள் மனுவே கொடுத்தார்கள். மோட்டார் தொழில்துறை சுதாரித்துக்கொண்டது. 'ஜேவாக்கர்' என்ற வசைச்சொல்லை அது ஊரெங்கும் பரப்பியது. தெருவில் நடக்கத் தெரியாத பட்டிக்காட்டான் என்பது அதன் பொருள். காலப்போக்கில் அது அமெரிக்காவில் போக்குவரத்துப் பேச்சின் பகுதியானது. பீட்டர் நார்ட்டன் என்ற வரலாற்றாசிரியர் 2008-இல் வெளியான தன் நூலில் இந்தக் கதையை ஆவணங்களோடு விரித்துச் சொல்லியிருக்கிறார். சென்னைத் தெருவுக்கு அந்தச் சொல் இறக்குமதியாக வேண்டிய தேவை இருக்கவில்லை. 'சாவுகிராக்கி', 'வூட்ல சொல்லிக்கினு வந்தியா?' என்று இங்கேயே இரண்டும் தயாராக இருந்தன. சாலையைக் கடப்பவர் சாகத் தயாராக வந்தவர் என்பதுதான் இரண்டுக்கும் அர்த்தம்.

பணத்தைப் பற்றிய சொற்கள் இன்னும் நுட்பமானவை. அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் 'நஷ்டத்தில்' ஓடுகின்றன என்பது தமிழ்நாட்டில் யாரும் சந்தேகிக்காத வாசகம். 2018 ஜனவரியில் அந்த நஷ்டத்தைக் காட்டியே பேருந்துக் கட்டணம் கடுமையாக உயர்த்தப்பட்டது. சென்னையில் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாயானது. மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். இதே அளவுகோலை நெடுஞ்சாலைத் துறைக்கு யாரும் வைப்பதில்லை. தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை சுமார் 3 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைக்கு 621 கோடி ரூபாய் ஒதுக்கினால் அது 'திட்டம்', 'உட்கட்டமைப்பு', 'முதலீடு'. அந்தப் பாலம் மாதம் எவ்வளவு ஈட்டியது, எவ்வளவு நஷ்டம் என்று எந்த நிதிநிலை அறிக்கையும் எழுதாது. பாலத்துக்குக் கட்டணமே கிடையாது, எனவே அது இலவசம் என்றும் யாரும் சொல்வதில்லை.

பேருந்தில் பெண்கள் கட்டணமின்றிப் போவதுதான் 'இலவசம்'. 2021 மே மாதம் தொடங்கிய அந்தத் திட்டத்தை 2022-இல் ஓர் அமைச்சரே பொதுமேடையில் 'ஓசி' என்றபோது எழுந்த கொதிப்பு நினைவிருக்கும். அந்த ஒரு சொல் சுட்டது, அது அடிக்கும் இடம் அப்படி. ஓசி என்பது உரிமை இல்லாமல் பிறர் தயவில் பெறுவது. விடியற்காலையில் வீட்டு வேலைக்குக் கிளம்பும் பெண்ணையும் பூ வாங்கக் கோயம்பேடு போகிறவரையும் அது தயவில் வாழ்பவர்களாக ஆக்கியது. அரசு பின்னர் 'விடியல் பயணம்' என்ற பெயரை முன்னிறுத்தியது. ஆட்சியின் முழக்கத்தை ஏந்திய விளம்பரப் பெயர்தான் அதுவும். பயணச்சீட்டில் அச்சாகும் 'கட்டணமில்லா' என்ற நேரான சொல் இரண்டைவிடவும் நல்லது. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வு, இந்தப் பயணத்தால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகச் சொன்னது. அந்த 888 ரூபாய் வீட்டுக்குள் எங்கே போகிறது என்பதைப் பேசினால் அது பொருளாதாரம். மானியச் சுமை என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று எவரும் நம்ப வேண்டியதில்லை. சென்னையின் 2014 கொள்கையில் வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை, நடைபாதைகளோ இன்னும் துண்டு துண்டாகத்தான் கிடக்கின்றன. எதிர்ப்பவர்களின் சொற்களும் சில நேரம் கணக்கை மறைக்கும். எந்தச் சாலையையும் 'அழிவுத் திட்டம்' என்று மட்டுமே சொல்பவர், அந்தச் சாலை இல்லாததால் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாத மலைக் கிராமத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இரு தரப்பையும் ஒரே தராசில் வைப்பது நியாயமாகாது. ஒரு தரப்பின் சொற்கள் துண்டறிக்கையில் வருகின்றன. மறு தரப்பின் சொற்கள் அரசிதழிலும் திட்ட அறிக்கையிலும் நீதிமன்ற மனுவிலும் ஏறி, சட்டத்தின் பலத்தைப் பெறுகின்றன. அங்கேதான் துல்லியம் கட்டாயமாக வேண்டும்.

தொடங்குவதற்கு ஓர் இடம் கண்ணெதிரே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு முன் திட்ட அறிக்கையின் சுருக்கம் வட்டார மொழியில் வெளியாக வேண்டும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் பல நூறு பக்கம் இருக்கும், ஊர் மக்கள் கைக்கு வருவது தமிழில் சில பக்கம். அந்த அறிவிக்கைக்கு மாற்றாக 2020-இல் வரைவு வந்தபோது, அதை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்க்கச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. எந்தச் சர்வே எண்ணில் எத்தனை ஏக்கர் நஞ்சை, எத்தனை கிணறு, எத்தனை மரம், சாலை வந்தபின் ஊரார் அதைக் கடக்க எத்தனை இடத்தில் வழி, அந்த வழிகளுக்கிடையே எவ்வளவு தூரம், பேருந்து எங்கே நிற்கும் என்பவை அந்தச் சில பக்கங்களில் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 'பசுமை', 'மேம்பாடு', 'உலகத் தரம்' போன்ற அடைகள் அங்கே வரக் கூடாது என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மாவட்ட ஆட்சியரும் திட்டம் கொண்டுவரும் நிறுவனத்திடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சென்னைப் பெருநகருக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிவரும் இந்த நேரத்தில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், நகரின் போக்குவரத்தை ஒருங்கிணைக்க 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான கும்டாவும் இதைத் தம் ஆவணங்களில் செய்து காட்டலாம். முதல் அத்தியாயத்தில் காரை எண்ணுவதற்கு முன் ஆட்களை எண்ணி, நடப்பவர் எத்தனை பேர், பேருந்துக்குக் காத்திருப்பவர் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று எழுதிவிட்டு, அடுத்த அத்தியாயத்துக்குப் போகட்டும்.